எல்லையோரத்தில் அமைதியும் உரிமையும்

சித்திரை முழுநிலா நாளில், இடுக்கி மாவட்டத்துக் குமுளியிலிருந்து மேலேறும் மலைப்பாதையொன்று மக்கள் திரளால் நிறைந்துவிடும். பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடே, தமிழக எல்லையை ஒட்டி நிற்கும் மங்கலதேவி கோட்டத்துக்குச் செல்லும் பாதை அது. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே அங்கே பொதுமக்கள் வழிபாட்டுக்கு இசைவு உண்டு. தேனி மாவட்டத்து அதிகாரிகளும் இடுக்கி மாவட்டத்து அதிகாரிகளும் முன்னதாகவே கூடிப் பேசி, குடிநீர், மருத்துவம், காவல் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்கின்றனர். தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் ஒருங்கே மலை ஏறுகின்றனர். அவர்கள் காணச் செல்வது கண்ணகியை.

சிலப்பதிகாரக் கதையை நம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அக்கதையில் அமைந்துள்ள இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே நினைவூட்டிக்கொள்வோம். ஒருவன் மீது பழி சுமத்தப்பட்டது. அரசன் அதனை ஆராயவில்லை. காவலர் கையால் அவன் உயிர் போயிற்று. இது முதலாவது. உண்மை வெளிப்பட்டதும் அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்நீத்தான். அதன் பின்னரும் தீ எழுந்தது. குற்றத்தில் தொடர்பில்லாத மக்கள் வாழ்ந்த நகரை அத்தீ சூழ்ந்தது. இது இரண்டாவது. காப்பியத்தில் நகரை எரித்தது கற்பின் தெய்வ ஆற்றல். மனிதரே அச்செயலைக் கையில் எடுத்துக்கொள்ளும்போது அதற்குக் கலவரம் என்றும் பயங்கரவாதம் என்றும் பெயர் வைக்கிறோம்.

ஆராயாத தண்டனை, ஊரை எரிக்கும் பழி என்னும் இவ்விரண்டும் நம் காலத்திலும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதைப் பாலக்காடு, கோயம்புத்தூர், இடுக்கி ஆகிய எல்லைப்பகுதிகளின் நூறாண்டு வரலாறு நன்கு காட்டுகிறது. வன்செயல் நிகழ்ந்த பின்பு ஓர் ஊர் அமைதியை வேண்டுகிறது. அந்த வேண்டுதலோடு தனிமனிதரின் சட்ட உரிமையையும் சேர்த்துக் கேட்காவிடில், கிடைக்கும் அமைதி நிலைக்குமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் வணிகரும் படைகளும் அவ்வழியே வந்தனர். வாளையாறு வழியாகச் செல்லும் இருப்புப்பாதை இன்றும் நாள்தோறும் பாலக்காட்டு மக்களைக் கோவையின் ஆலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டு சேர்க்கிறது. அந்த இருப்புப்பாதையில் 1921ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு கொடுமை நிகழ்ந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மலபாரில் கிளர்ச்சி மூண்டது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அந்நிய ஆட்சியை எதிர்த்தும் நிலவுடைமைக் கொடுமைகளை எதிர்த்தும் எழுந்த மாப்பிள்ளைமார், சில இடங்களில் இந்து மக்கள் மீதும் கொலையும் கட்டாய மதமாற்றமும் ஆகிய கொடுமைகளைப் புரிந்தனர் என்பதை வரலாறு மறைப்பதில்லை. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி அதனை அடக்கிற்று. நவம்பர் 19ஆம் நாள் திரூர் நிலையத்தில் ஏறத்தாழ நூறு கைதிகள் சரக்குப் பெட்டி ஒன்றில் ஏற்றப்பட்டனர். கதவு சாத்தப்பட்டது. காற்றுப் புகுவதற்குப் போதிய வழி இல்லை. பாலக்காட்டையும் கணவாயையும் கடந்து, நள்ளிரவையொட்டிப் போத்தனூர் நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது 56 பேர் பிணமாகக் கிடந்தனர். பின்னர் மேலும் சிலர் மடிய, இறந்தோர் தொகை 70 ஆயிற்று. பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், இந்துக்கள் சிலரும் அவர்களுள் இருந்தனர்.

அவர்களுள் எவர் குற்றவாளி, எவர் குற்றமற்றவர் என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. நாப் என்னும் அதிகாரியின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது, அறிக்கையும் வந்தது. ஆனால் மலபாரின் நினைவில் நின்றது அந்த அறிக்கை அன்று, அந்தப் பெட்டிதான். திரூரில் நகர மன்றக் கட்டடம் அந்நிகழ்ச்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிளர்ச்சியில் துன்புற்ற இந்துக் குடும்பங்களின் துயரும் அப்பெட்டியில் மாண்டவர்களின் துயரும் ஒன்றையொன்று அழித்துவிடவில்லை. இரண்டும் தனித்தனியே, ஆறாமல், தலைமுறை தலைமுறையாக வந்தன.

நாடு விடுதலை பெற்றது. அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறையின்றி எவருடைய உயிரையும் தனிமனித உரிமையையும் பறிக்கலாகாது என்றது. 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும் என்றது. எனினும் அதே பிரிவு தடுப்புக் காவலுக்கும் வழி வைத்தது.

அந்த வழியைப் பற்றிய முதற்பெரும் வழக்கைத் தொடுத்தவர் மலபாரின் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன். தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டிருந்த அவர், சென்னை அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. காவலில் வைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்துக்கும் தெரிவிக்கலாகாது என்றிருந்த ஒரு விதியை மட்டும் நீதிமன்றம் தள்ளிற்று. மற்றபடி சட்டம் செல்லும் என்றது. நடைமுறை என்பது நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்ற கொள்கை வேரூன்ற 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1961இல் குமுளியை அடுத்த அமராவதியில், குடியெழுப்பப்பட்ட உழவர் குடும்பங்களுக்காக உண்ணாநோன்பு இருந்தவரும், 1971இல் பாலக்காட்டு மக்களால் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இதே கோபாலன்தான்.

நெருக்கடி நிலைக் காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். 1976 பிப்ரவரி இறுதியில் கோழிக்கோடு மாவட்டத்துக் காயண்ணக் காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினர். அடுத்த சில நாட்களுக்குள் கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் காவலர்களால் கொண்டு செல்லப்பட்டார்; திரும்பி வரவில்லை. தந்தை ஈச்சரவாரியர் 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். மகன் காவலில் இறந்துவிட்டான் என்பது அதன் பின்னரே வெளிப்பட்டது. முதலமைச்சர் பதவியிலிருந்து கே. கருணாகரன் விலக நேர்ந்தது. காவல் நிலையத்தைத் தாக்கியது பெருங்குற்றம் என்பதில் ஐயமில்லை. அக்குற்றத்துக்கு விடை தேடப் புறப்பட்ட அரசு, தானே விடை சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானது.

இனி, கணவாயின் கிழக்கு வாயிலான கோவைக்கு வருவோம். 1997 நவம்பர் 29ஆம் நாள் உக்கடத்தில் பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளிகளைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் சட்டத்தின் வழி. நடந்ததோ வேறு. அடுத்து வந்த நாட்களில் கலவரத்திலும் காவலர் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. மாண்டவர்களுக்கும் உக்கடத்துக் கொலைக்கும் என்ன தொடர்பு என்று எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை.

இரண்டரை மாதம் கழிந்தது. 1998 பிப்ரவரி 14ஆம் நாள், தேர்தல் பிரசாரத்துக்காக எல். கே. அத்வானி வரவிருந்த மாலையில், நகரின் பல இடங்களில் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. கூட்டம் நடைபெறவிருந்த ஆர். எஸ். புரத்திலும், இரயில் நிலையத்திலும், நோயாளிகள் நிறைந்த அரசு மருத்துவமனை வளாகத்திலுங்கூட வெடித்தன. 58 பேர் இறந்தனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நவம்பரில் மாண்டவர்களுக்குப் பழி வாங்குவதாகக் கருதி இதனைச் செய்தவர்கள், நவம்பரில் ஒருவரையும் கொல்லாத மக்களைக் கொன்றனர். குண்டுகள் ஆறுதல் அளித்த ஒரு குடும்பமேனும் கோட்டைமேட்டில் இல்லை. அவை புதிதாகத் துயரில் ஆழ்த்திய குடும்பங்களே எஞ்சின.

அரசு நீதிபதி பி. ஆர். கோகுலகிருஷ்ணன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அல் உம்மா இயக்கம் தடை செய்யப்பட்டது. நூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சாட்சிகள் ஆயிரத்துக்கும் மேல். 2007ஆம் ஆண்டு தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. 43 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2009இல் அவர்களுள் பலரை விடுதலை செய்தது. உற்றாரை இழந்த குடும்பங்கள் முதல் தீர்ப்புக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தன. காலந்தாழ்ந்த நீதியால் முதலில் வஞ்சிக்கப்படுவோர் அவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறே வஞ்சிக்கப்பட்டோர் மறுபுறத்திலும் இருந்தனர். கேரளத்தின் மக்கள் ஜனநாயகக் கட்சித் தலைவர் அப்துல் நாசர் மதனி 1998 மார்ச்சு இறுதியில் கைதானார். முன்பே ஒரு குண்டுத் தாக்குதலில் கால் ஒன்றை இழந்திருந்த அவர், பிணை கிடைக்காமல் ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். அவருடைய பேச்சுகளைக் கடுமையாகக் கண்டித்தவர்கள் கேரளத்தில் மிகப் பலர். ஆயினும் 2006 மார்ச்சு மாதம் கேரளச் சட்டமன்றம், மனிதாபிமான அடிப்படையில் அவரை விடுவிக்க வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2007 ஆகஸ்டு முதல் நாள் தனி நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுதலை செய்தது. பிற்பாடு 2010இல் பெங்களூர் வழக்கொன்றில் அவர் மீண்டும் கைதானார். அது வேறு வழக்கு. கோவை வழக்கைப் பொறுத்தவரை, நிறுவப்படாத குற்றச்சாட்டுக்காக ஒருவர் வாழ்வில் ஒன்பதாண்டுகள் கழிந்தன. ஒரு மனிதனின் கருத்தை ஏற்காதவர்களும் அவனுடைய உரிமைக்காகப் பேசலாம் என்பதற்கு அச்சட்டமன்றத் தீர்மானம் ஒரு சான்று.

அங்ஙனமாயின், உரிமை உரிமை என்று பேசிக் குற்றவாளிகளைத் தப்பவிடலாமா என நேயர்கள் வினவக்கூடும். நேரிய வினாவே. இதற்கு விடை இடுக்கி மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு வழக்கில் இருக்கிறது.

தொடுபுழையிலுள்ள நியூமன் கல்லூரியில் மலையாளப் பேராசிரியராக இருந்தவர் டி. ஜே. ஜோசப். 2010ஆம் ஆண்டு அவர் அமைத்த வினாத்தாளின் ஒரு பகுதி நபிகளை இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் கைதானார், வேலையினின்று விலக்கப்பட்டார். ஜூலை 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மூவாற்றுப்புழையில் குடும்பத்தாருடன் தேவாலயத்திலிருந்து திரும்புகையில், ஒரு கும்பல் வழிமறித்து அவர் வலக்கையைத் துண்டித்தது. அவர்மீது சுமத்தப்பட்டிருந்த குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் பின்னர் அவரை விடுவித்தது. அவருடைய மனைவி 2014இல் உயிர் துறந்தார். நீதிமன்றம் செய்ய வேண்டிய ஆராய்ச்சியைக் கத்தி ஏந்திய கூட்டம் தானே செய்து முடித்ததாக எண்ணியதன் விளைவு இது.

அத்தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருள் ஒருவர் பல ஆண்டுகள் தலைமறைவாய் இருந்து 2015இல் பிடிபட்டார். விசாரணை முடியாமலே ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். இன்னும் 276 சாட்சிகள் விசாரிக்கப்பட வேண்டியிருந்தனர். உயர் நீதிமன்றம் பிணை வழங்கிற்று. 2021 பிப்ரவரி முதல் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் பிணைக்கு எத்துணைக் கடுமையான தடை விதித்தாலும், விசாரணை உரிய காலத்தில் முடியும் வாய்ப்பு இல்லாவிடில், 21ஆம் பிரிவின் உரிமையைக் காக்க நீதிமன்றம் பிணை வழங்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். நஜீப் வழக்கு என்று சட்டவுலகம் அதனைக் குறிப்பிடுகிறது. நாட்டின் பல பகுதிகளில் விசாரணையின்றிக் கிடப்போர் இன்று அத்தீர்ப்பையே எடுத்துக்காட்டுகின்றனர்.

பிணை பெற்ற அவர் தப்பிவிட்டாரா? இல்லை. விசாரணை நடந்தது. 2023 ஜூலை மாதம் கொச்சித் தனி நீதிமன்றம் அவரையும் வேறு இருவரையும் குற்றவாளிகள் எனக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. உரிமையும் காக்கப்பட்டது, குற்றமும் தண்டிக்கப்பட்டது. இரண்டும் ஒரே வழக்கில் இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் 15ஆம் நாள், விஷுத் திருநாளன்று, பாலக்காட்டை அடுத்த ஏலப்புள்ளியில் ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர் தம் தந்தையின் கண்முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார். 24 மணி நேரத்துக்குள் எதிர் இயக்கத்தைச் சேர்ந்தவர் மேலாமுறியில் தம் கடையிலேயே கொல்லப்பட்டார். மாவட்டமெங்கும் தடையுத்தரவு, இருசக்கர வண்டியில் ஆடவர் பின்னால் அமர்ந்து செல்லவும் தடை. 18ஆம் நாள் அமைச்சர் கே. கிருஷ்ணன்குட்டி தலைமையில் அனைத்துக் கட்சி அமைதிக் கூட்டம் நடந்தது. அதிலும் ஒரு கட்சி வெளிநடப்புச் செய்தது. தடைகள் சில நாட்களில் நீங்கின. ஆயினும் கூலிவேலைக்கு நண்பன் வண்டியில் ஏறிச் செல்லும் ஏழைக்கு அந்தச் சில நாட்களும் வருவாய் இழப்பே. இரு கொலைகளின் சுமையில் ஒரு பகுதியை அவற்றைக் கேள்வி மட்டுமே பட்டவனும் சுமந்தான்.

அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், தீபாவளிக்கு முந்திய விடியலில், கோவை உக்கடத்துக் கோட்டை ஈசுவரன் கோயிலின் அருகே ஒரு கார் வெடித்துச் சிதறியது. காரை ஓட்டிவந்தவர் மாண்டார். 1998ஐக் கண்டவர்கள் நெஞ்சில் அந்த ஒரு வெடியோசை எத்தனை வெடிகளாய் ஒலித்திருக்கும்! இடமும் அதே உக்கடம். வழக்குத் தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குச் சென்றது, கைதுகள் தொடர்ந்தன. ஆனால் இம்முறை நகரம் எரியவில்லை. சில நாட்களில் கோட்டைமேட்டு ஜமாத்துகளின் பெரியோர்கள் அந்தக் கோயிலுக்கே சென்றனர். கோயிலார் அவர்களை வரவேற்றனர். வன்செயலைத் தாம் வெறுப்பதையும், தலைமுறைகளாக அப்பகுதியில் நிலவும் நல்லுறவு தொடர வேண்டும் என்பதையும் அவர்கள் அங்கே தெரிவித்தனர். பெரிய மேடை ஏதும் இல்லை. கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும் ஓர் ஊரில், தெருவைக் கடந்து சென்று பேசினார்கள், அவ்வளவே. 1997இல் உக்கடத்துக் கொலைக்குப் பின் நடவாமற்போனது 2022இல் நடந்தது.

உலகின் பெருநகரங்களும் இத்தகைய சோதனைக்கு ஆளாயின. நியூயார்க் நகரில் 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலில் 2,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பேரால் அமெரிக்க அரசு கடுஞ்சட்டம் இயற்றியது. அடிபட்ட அந்நகரத்தின் மன்றமே 2004 பிப்ரவரியில், அச்சட்டத்தால் குடிமக்களின் உரிமைகள் குறையலாகாது எனத் தீர்மானம் நிறைவேற்றியது. நார்வே நாட்டில் 2011 ஜூலை 22ஆம் நாள் ஒருவனால் 77 பேர் கொல்லப்பட்டனர். ஆஸ்லோ நகர மக்கள் மலர்களை ஏந்தித் தெருவில் திரண்டனர்; கொலையாளியை வழக்கமான நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது.

பிறமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வரலாறு அயலார் கதை அன்று. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை முதியோர் நினைவில் வைத்திருப்பர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று அணைபற்றிய அச்சமும் வதந்தியும் பரவியபோது, குமுளியில் மோதல்கள் நிகழ்ந்தன. உடும்பன்சோலைப் பகுதி ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடிவந்தன. அத்தொழிலாளர்களுக்கும் அணை வழக்குக்கும் என்ன தொடர்பு? மொழி ஒன்றே தொடர்பு. மதத்தின் பெயரால் ஒருவரைச் சந்தேகிக்கும் அதே உள்ளம் நாளை மொழியின் பெயரால் நம்மைச் சந்தேகிக்கும்.

ஆகவே, ஊரிலிருந்து கொடுஞ்செய்தி வரும் நாளில் நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. உறுதிப்படாத செய்தியைக் கைப்பேசியில் பிறருக்கு அனுப்பாதிருத்தல் ஒன்று. அண்டையில் வாழும் ஒருவர் வேற்று மதத்தவராகவோ வேற்று மொழியினராகவோ இருப்பின், அன்றே சென்று நலம் விசாரித்தல் மற்றொன்று. இறந்தோர் குடும்பத்துக்கு உதவி திரட்டும்போது, கைதானோர் குடும்பத்துக்குச் சட்ட வழியைக் காட்டுவதும் குற்றத்துக்குத் துணைபோதல் ஆகாது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும், அவர் வருவாய் எதுவாயினும், இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் அதற்கான ஆணையம் உள்ளது. மொழி தெரியாத ஊரில் சிக்கிக்கொண்ட நம் தொழிலாளி ஒருவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. இச்செய்தியை அறியாதோருக்கு அறிவிப்பதே ஒரு தொண்டு.

காவலில் இருப்பவனைக் காரணம் கேட்டு அறியவும், வழக்கை விரைந்து நடத்தவும், இறந்தவர்களின் உற்றாருக்கு உண்மையைச் சொல்லவும் ஓர் அரசுக்கு நாம் நினைவூட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். போத்தனூரில் அந்தப் பெட்டியின் கதவு திறக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கோவையில் ஒன்பதாண்டுகள் கடந்தன. கொச்சி நீதிமன்றத்தில், தாமதித்தேனும், இரு பக்கத்துக்கும் நீதி கிடைத்தது. அத்தாமதத்தையும் குறைக்குமாறு கேட்பது எல்லைக்கு இருபுறமும் வாழ்வோரின் கடமை. எல்லைகள் பலவற்றைத் தாண்டி வாழும் நமக்கும் அதில் பங்கு உண்டு.